மார்பகத்தை அகற்றிய பிறகு மீண்டும் உருவாக்க முடியுமா? என்னென்ன ஆபரேஷன், எவ்வளவு பலன்? - முழு விவரம்

"ஏழைகளுக்கு எதுக்குங்க அழகு சிகிச்சை?" 2018 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் பலரும் கேட்ட கேள்வி இது. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் இலவச மார்பக அறுவை சிகிச்சைக்கு என்று தனி கிளினிக் தொடங்கப்பட்ட நேரம் அது. செய்தி வெளிநாட்டு ஊடகங்கள் வரை போனது. மக்கள் வரிப்பணத்தை இதற்கா செலவு செய்வது என்று ஒரு பக்கம் விமர்சனம். வசதியானவர்களுக்குக் கிடைக்கிற சிகிச்சை ஏழைகளுக்கும் கிடைக்க வேண்டும், இல்லாவிட்டால் கடன் வாங்கியோ ஆபத்தான வழிகளிலோ போவார்கள் என்று அப்போதைய சுகாதாரத்துறை அமைச்சர் விஜயபாஸ்கர் பதில் சொன்னார்.

இந்தச் சத்தத்தில் காணாமல் போனது ஒரே ஒரு விஷயம். புற்றுநோயால் மார்பகத்தை இழந்த பெண்கள். மறுசீரமைப்பு அறுவை சிகிச்சை முதலில் தேவைப்படுவது அவர்களுக்குத்தான்.

அன்றைய அமைச்சரின் விராலிமலை தொகுதி இருக்கும் அதே புதுக்கோட்டை மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், தஞ்சாவூர் மாவட்ட எல்லையை ஒட்டி இருக்கிறது கறம்பக்குடி. இங்கிருந்து மார்பில் கட்டி என்று கிளம்பும் ஒரு பெண் புதுக்கோட்டைக்கோ தஞ்சாவூருக்கோ பஸ் ஏறுவார். ஆபரேஷன், கீமோ, பிறகு "கரண்ட் வைக்கிறது" என்று ஊரில் சொல்லப்படும் ரேடியேஷன். எல்லாம் முடிந்து வீடு திரும்பும்போது ஒரு பக்கம் தட்டையாக, குறுக்கே ஒரு தழும்போடு இருக்கும். ஜாக்கெட்டுக்குள் துணியை மடித்து வைத்துக்கொள்வார். தெருவில் யாராவது உற்றுப் பார்த்தால் முந்தானையை இழுத்துவிட்டுக்கொள்வார். மார்பகத்தை மீண்டும் உருவாக்கும் ஆபரேஷன் என்று ஒன்று இருப்பதை அவரிடம் யாராவது சொல்லியிருப்பார்களா? பெரும்பாலும் இல்லை. சொல்லப்படாத அந்த விவரங்களைப் பார்க்கலாம்.

முதல் கேள்வி: மார்பகத்தை எடுத்தே ஆக வேண்டுமா?

மறுசீரமைப்பைப் பேசுவதற்கு முன்னால் இதைக் கேட்டுவிட வேண்டும். 19-ம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்க அறுவை சிகிச்சை நிபுணர் வில்லியம் ஹால்ஸ்டட் பிரபலப்படுத்திய ஆபரேஷனில் மார்பகம், அதற்கு அடியில் உள்ள நெஞ்சுத் தசைகள், அக்குளில் இருக்கும் நெறிக்கட்டிகள் எல்லாமே அகற்றப்பட்டன. எவ்வளவு அதிகமாக வெட்டுகிறோமோ அவ்வளவு நல்லது என்ற நம்பிக்கை பல தலைமுறை மருத்துவர்களிடம் இருந்தது.

அந்த நம்பிக்கையை உடைத்தவர்கள் இத்தாலியின் உம்பர்ட்டோ வெரோனேசியும் அமெரிக்காவின் பெர்னார்ட் ஃபிஷரும். கட்டியை மட்டும் எடுத்து ரேடியேஷன் கொடுத்த பெண்களையும், முழு மார்பகத்தையும் எடுத்த பெண்களையும் 20 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். 2002-ல் வெளியான முடிவுகளில் இரண்டு தரப்பினரும் உயிர் வாழ்ந்த விகிதத்தில் வித்தியாசம் இல்லை. ஆரம்ப நிலையில் கண்டுபிடித்தால் மார்பகத்தைக் காப்பாற்றியே சிகிச்சை தரலாம் என்பது இன்று உலகம் முழுக்க ஏற்கப்பட்ட விஷயம். கட்டியை எடுத்த பள்ளத்தைச் சுற்றியுள்ள திசுக்களை நகர்த்தி நிரப்பி, உருவம் கெடாமல் தைத்துவிடும் ஆன்கோபிளாஸ்டிக் முறையும் வந்துவிட்டது.

ஆனால், எல்லோருக்கும் இது பொருந்தாது. கட்டி பெரிதாக இருந்தால், ஒரே மார்பகத்தில் பல இடங்களில் பரவியிருந்தால், ரேடியேஷன் கொடுக்க முடியாத நிலை இருந்தால் முழுவதும் எடுக்கத்தான் வேண்டும். இன்னொரு காரணமும் உண்டு, அது மருத்துவப் புத்தகத்தில் இருக்காது. ரேடியேஷனுக்கு வாரத்தில் ஐந்து நாள் வீதம் மூன்று முதல் ஆறு வாரங்கள் போய் வர வேண்டும். ஊரில் இருந்து தினமும் பஸ்ஸில் அலைய முடியாது, தங்கவும் இடம் இல்லை. "மொத்தமா எடுத்துடுங்க டாக்டர்" என்று சொல்லிவிடுகிறார்கள். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அக்குள் நெறிக்கட்டிகளில் புற்றுநோய் பரவியிருந்தால், மார்பகத்தை முழுதாக எடுத்த பிறகும் ரேடியேஷன் தேவைப்படலாம். அலைச்சலைத் தவிர்க்க மார்பகத்தைக் கொடுத்துவிட்டு, அலைச்சலும் மிச்சமாகாமல் போகும் நிலை வரலாம். முடிவெடுக்கும் முன் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது அவசியம்.

எப்போது செய்வார்கள்?

மார்பகத்தை எடுக்கும் அதே ஆபரேஷனிலேயே புதியதை உருவாக்கிவிடலாம். இது உடனடி மறுசீரமைப்பு. மேல் தோலையும், சிலருக்கு காம்பையும்கூட அப்படியே விட்டுவிட்டு உள்ளே இருக்கும் திசுவை மட்டும் எடுக்க முடிவதால் உருவம் நன்றாக அமையும். மயக்க மருந்தும் ஒருமுறைதான். ஆனால், புற்றுநோய் அறுவை சிகிச்சை நிபுணரும் பிளாஸ்டிக் சர்ஜனும் ஒரே நாளில் ஒரே தியேட்டரில் இருக்க வேண்டும். இந்த வசதி எல்லா மருத்துவமனையிலும் கிடையாது.

இரண்டாவது, சிகிச்சைகள் எல்லாம் முடிந்து மாதங்களோ ஆண்டுகளோ கழித்துச் செய்வது. ரேடியேஷன் முடிந்திருந்தால் தோல் ஆறுவதற்காகப் பொதுவாக ஆறு மாதமாவது பொறுத்திருக்கச் சொல்வார்கள். இதில் கவனிக்க வேண்டிய விஷயம், காலக்கெடு எதுவும் இல்லை. ஐந்து வருடம் முன்பு, பத்து வருடம் முன்பு ஆபரேஷன் செய்துகொண்டவர்களும் இன்று இதைக் கேட்கலாம். "அதெல்லாம் முடிஞ்சு போச்சு" என்று விட்டுவிடத் தேவையில்லை.

பிளாஸ்டிக் சர்ஜரி என்றதும் உடம்புக்குள் பிளாஸ்டிக் வைப்பார்கள் என்று பயப்படுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். உருவம் கொடுப்பது என்ற பொருளுடைய கிரேக்கச் சொல்லில் இருந்து வந்த பெயர் அது. நாம் பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருளுக்கும் அந்தப் பெயருக்கும் வேறு சம்பந்தம் இல்லை.

சிலிக்கான் இம்பிளாண்ட்: ஆபரேஷன் சின்னது, அலைச்சல் பெரியது

சிலிக்கான் ஜெல் நிரப்பிய இம்பிளாண்ட் முதன்முதலில் 1962-ல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் பொருத்தப்பட்டது. உள்ளே உப்பு நீர் நிரப்பிய வகையும் உண்டு. தோல் போதுமான அளவு இருந்தால் நேரடியாகவே பொருத்திவிடுவார்கள். இல்லையென்றால் இரண்டு கட்டம். முதலில் காலி பலூன் போன்ற எக்ஸ்பாண்டரைத் தோலுக்கோ தசைக்கோ அடியில் வைப்பார்கள். பிறகு ஒரு வாரம் அல்லது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஊசி மூலம் உப்பு நீரை ஏற்றிக்கொண்டே போவார்கள். கர்ப்பத்தில் வயிற்றுத் தோல் விரிவது போல இந்தத் தோலும் மெல்ல விரியும். சில மாதங்கள் கழித்து இன்னொரு ஆபரேஷனில் பலூனை எடுத்துவிட்டு நிரந்தர இம்பிளாண்டை வைப்பார்கள்.

ஆபரேஷன் ஒன்றிரண்டு மணி நேரம்தான். உடம்பின் வேறு எந்த இடத்தையும் வெட்ட வேண்டியதில்லை. சீக்கிரம் வீட்டுக்கு வந்துவிடலாம். சென்னையிலேயே இருப்பவருக்கு இது வசதி. கறம்பக்குடியில் இருந்து சென்னைக்குப் போய் ஒவ்வொரு முறையும் ஊசி போட்டுக்கொண்டு வருவதை யோசித்துப் பாருங்கள். கூட வருகிறவருக்கும் அன்றைய கூலி போய்விடும். 'எளிமையான முறை' என்று எழுதப்படுவது யாருக்கு எளிமை என்பது ஊரைப் பொறுத்தது.

இம்பிளாண்ட் ஆயுள் முழுக்க உழைக்கும் பொருளும் இல்லை. பத்து, பதினைந்து வருடத்தில் மாற்ற வேண்டிவரலாம். நாற்பது வயதில் வைத்துக்கொள்பவர் அதற்குப் பிறகு இன்னும் ஒன்றிரண்டு ஆபரேஷனுக்குத் தயாராக இருக்க வேண்டும். சிலிக்கான் வகை உள்ளே கிழிந்தால் வெளியே தெரியாமலும் இருக்கும் என்பதால், பொருத்திய ஐந்தாறு ஆண்டில் ஒருமுறையும், அதன்பின் இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறையும் ஸ்கேன் எடுத்துப் பார்க்கச் சொல்கிறது அமெரிக்க மருந்து கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ.

அதிகம் பேர் படும் கஷ்டம் வேறு. இம்பிளாண்டைச் சுற்றி உடம்பு ஒரு உறையை உருவாக்கும். அது இயல்பு. சிலருக்கு அந்த உறை இறுகி, மார்பகம் கல் மாதிரி கெட்டியாகி, வலிக்கவும் செய்யும். ரேடியேஷன் பெற்றவர்களுக்கு இதற்கான வாய்ப்பு கணிசமாக அதிகம். அதனால்தான் ரேடியேஷன் உறுதி என்றால் பல மருத்துவர்கள் இம்பிளாண்டுக்குப் பதில் சொந்தத் திசுவைப் பரிந்துரைக்கிறார்கள்.

சொரசொரப்பான மேற்பரப்பு கொண்ட சில இம்பிளாண்டுகளால் மிக அரிதாக ஒருவகை லிம்போமா வருவது தெரியவந்ததால், அலர்கன் நிறுவனத்தின் பயோசெல் வகை 2019 ஜூலையில் உலகம் முழுக்கத் திரும்பப் பெறப்பட்டது. இது மார்பகப் புற்றுநோய் கிடையாது. இம்பிளாண்டைச் சுற்றிய உறையில் வரும் வேறு நோய். எந்த வகை, எந்த கம்பெனி, என்ன எண் என்ற விவரம் உள்ள அட்டையை வாங்கி ரேஷன் கார்டோடு சேர்த்துப் பத்திரப்படுத்துவது நல்லது.

சொந்தத் திசு: முதுகில் இருந்தா, வயிற்றில் இருந்தா?

முதுகின் பக்கவாட்டில் விசிறி போல விரிந்திருக்கும் லாட்டிசிமஸ் டார்சை தசையை, அதன் ரத்தக்குழாய் அறுபடாமல், அக்குள் வழியாக முன்பக்கம் கொண்டுவந்து மார்பகம் அமைப்பது ஒரு முறை. இதை இத்தாலிய மருத்துவர் டான்சினி 1906-லேயே விவரித்துவிட்டார். ஆனால், மறுசீரமைப்பை ஹால்ஸ்டட் எதிர்த்ததால் இந்த வழி பல பத்தாண்டுகள் மறக்கப்பட்டுக் கிடந்தது. 1970-களில்தான் மீண்டும் கையில் எடுத்தார்கள். நம்பகமான முறை. ரத்தக்குழாயை வெட்டி ஒட்டும் வேலை இல்லை என்பதால் மைக்ராஸ்கோப் வசதி இல்லாத இடத்திலும் செய்யலாம். அளவு போதாவிட்டால் கூடவே சிறிய இம்பிளாண்டும் வைப்பார்கள்.

வயிற்றில் இருந்து எடுக்கும் முறையை 1982-ல் அறிமுகப்படுத்தியவர் அமெரிக்காவின் ஹார்ட்ராம்ஃப். பெயர் டிராம். தொப்புளுக்குக் கீழே இருக்கும் தோல், கொழுப்பு ஆகியவற்றோடு வயிற்றின் நேர்தசையையும் சேர்த்து மேலே கொண்டுவருவார்கள். வயிறு தட்டையாகிவிடும் என்பதைப் பலர் போனஸாகப் பார்க்கிறார்கள். ஆனால், தசை போன இடம் பலவீனமாகி வயிறு புடைக்கலாம், குடலிறக்கம் வரலாம்.

அந்தக் குறையைத் தீர்க்க வந்தது டீப் முறை. 1990-களில் மார்பக மறுசீரமைப்புக்கு இது பயன்பாட்டுக்கு வந்தது. தசையை விட்டுவிட்டு, அதன் ஊடே வரும் சின்ன ரத்தக்குழாய்களை மட்டும் பிரித்தெடுத்து, தோலையும் கொழுப்பையும் மார்பில் வைத்து, இரண்டு மூன்று மில்லிமீட்டர் அகலமே உள்ள குழாய்களை அங்குள்ள குழாய்களோடு மைக்ராஸ்கோப் வழியே தைப்பார்கள். தைக்கும் நூல் தலைமுடியை விட மெல்லியது. ஆபரேஷன் ஆறு முதல் எட்டு மணி நேரம், சில சமயம் அதற்கு மேலும் போகும். முதல் இரண்டு மூன்று நாட்கள் நர்ஸ் அடிக்கடி வந்து தோலின் நிறம், சூடு, ரத்த ஓட்டம் எல்லாம் பார்த்துக்கொண்டே இருப்பார். குழாயில் ரத்தம் உறைந்தால் நடுராத்திரியானாலும் மறுபடி தியேட்டருக்குக் கொண்டுபோக வேண்டும். அனுபவமுள்ள மையங்களில் முழுத் திசுவும் இறந்துபோவது நூற்றில் சிலருக்கே நடக்கிறது. அனுபவமில்லாத இடத்தில் அந்தக் கணக்கு வேறு.

எதைத் தேர்ந்தெடுப்பது? இதில்தான் வேலை என்ன என்பதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. முதுகுத் தசையை எடுத்தால் தோளின் பலம் கொஞ்சம் குறையும். சாதாரண வீட்டு வேலைக்கு பெரிதாகத் தெரியாது. கிணற்றில் தண்ணீர் இறைப்பவர், தலைக்கு மேல் கை தூக்கி சுமை ஏற்றுபவர், நூறு நாள் வேலையில் மண்வெட்டி பிடிப்பவர் உணர்வார். வயிற்றுத் தசை போனால் குனிந்து கடலை பறிப்பதும், நாற்று நடுவதும், தண்ணீர்க் குடத்தைத் தூக்குவதும் சிரமமாகலாம். வயிற்று ஆபரேஷனுக்குப் பிறகு ஆறு வாரமாவது கனம் தூக்கக் கூடாது. "என்ன வேலை பார்க்கிறீங்க?" என்று டாக்டர் கேட்காவிட்டால் நீங்களே சொல்லிவிடுங்கள்.

சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்கும், உடல் பருமன் அதிகம் உள்ளவர்களுக்கும், புகையிலை பழக்கம் உள்ளவர்களுக்கும் எல்லா முறைகளிலும் சிக்கல் கூடும். வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நிக்கோடின் ரத்தக்குழாய்களைச் சுருக்கிவிடும்.

பலன் எப்படி இருக்கிறது?

அமெரிக்காவிலும் கனடாவிலும் 11 மையங்களில் மறுசீரமைப்பு செய்துகொண்ட 2,343 பெண்களை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வு 2018-ல் வெளியானது. ஏதாவது ஒரு சிக்கல் வந்தவர்கள் 32.9 சதவிகிதம். அதற்காக மீண்டும் ஆபரேஷனுக்குப் போனவர்கள் 19.3 சதவிகிதம். காயத்தில் தொற்று 9.8 சதவிகிதம். நல்ல வசதியுள்ள மருத்துவமனைகளிலேயே மூன்றில் ஒருவருக்குச் சிக்கல் என்பதை யாரும் மறைக்கக் கூடாது. சொந்தத் திசுவில் சிக்கல்களின் எண்ணிக்கை கூடுதல். ஆனால், போட்டதை எடுத்துவிட வேண்டிய அளவுக்கு முழுத் தோல்வி இம்பிளாண்டில்தான் அதிகம்.

அதே திட்டத்தின் இன்னொரு ஆய்வு பெண்களின் திருப்தியைக் கேட்டது. இரண்டு ஆண்டு முடிவில், சொந்தத் திசுவில் செய்துகொண்டவர்கள் இம்பிளாண்ட் வைத்தவர்களை விட அதிக திருப்தியோடு இருந்தார்கள். சொந்தத் திசு உடம்போடு சேர்ந்து பெருக்கும், மெலியும், தளரும் என்பதும், தொட்டால் இயல்பாக இருப்பதும் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன.

எதிர்பார்ப்பை ஒரு இடத்தில் சரிசெய்துகொள்ள வேண்டும். உருவம் திரும்பும், உணர்ச்சி பெரும்பாலும் திரும்பாது. தொடு உணர்வு மரத்தே இருக்கும். இதில் ஒரு ஆபத்தும் உண்டு: வெந்நீர் ஒத்தடம் கொடுத்தால் சூடு தெரியாமல் தோல் வெந்துவிடும். அந்தப் பக்கம் தாய்ப்பால் சுரக்காது. காம்பை மூன்று நான்கு மாதம் கழித்து, அதே தோலில் இருந்து சின்ன ஆபரேஷனில் உருவாக்கலாம். சுற்றியுள்ள கருவட்டத்தைப் பச்சை குத்தி வரைவார்கள். இரண்டு பக்கமும் ஒத்துப்போக, நன்றாக இருக்கும் மார்பகத்தையும் தூக்கித் தைக்கவோ சிறிதாக்கவோ நேரிடலாம். தழும்புகள் மங்கும், மறையாது.

புற்றுநோய் திரும்ப வருமா?

மறுசீரமைப்பு செய்வதால் புற்றுநோய் திரும்பி வரும் வாய்ப்பு கூடுவதில்லை. திரும்ப வந்தால் கண்டுபிடிப்பதும் தாமதமாகாது என்பதே இதுவரையான ஆய்வுகளின் முடிவு. ஆபரேஷன் புண் ஆறாமல் இழுத்தால் கீமோவோ ரேடியேஷனோ தள்ளிப்போகலாம் என்பதுதான் உண்மையான கவலை. நோய் முற்றிய நிலையில் இருப்பவர்களுக்கு முதலில் சிகிச்சை, மறுசீரமைப்பு பிறகு என்று மருத்துவர் சொன்னால் அதற்கான காரணம் இதுதான்.

வேண்டாம் என்றால்?

செய்துகொள்ளாமல் இருப்பதும் சரியான முடிவுதான். "இந்த வயசுல எனக்கு எதுக்கு" என்று சொல்பவர்களும் உண்டு, தழும்போடு நிம்மதியாக இருப்பவர்களும் உண்டு. உள்ளாடைக்குள் வைக்கும் சிலிக்கான் வடிவங்கள், பருத்தி நூலில் பின்னிய வடிவங்கள் கிடைக்கின்றன. பெரிய மார்பகம் உள்ளவர்களுக்கு ஒரு பக்க எடை குறைந்தால் தோள் இழுத்து கழுத்து வலிக்கும், மடித்த துணி அதைத் தீர்க்காது. அளவு பார்த்து எடையுள்ள வடிவத்தை வாங்குவது நல்லது. ஆனால், "வேண்டாம்" என்பதை விவரம் தெரிந்து பெண் சொல்ல வேண்டும். கணவரோ மாமியாரோ மகனோ கூடிப் பேசி வராண்டாவில் முடிவு செய்வது வேறு.

செலவு, காப்பீடு

தமிழ்நாட்டில் ஆண்டு வருமானம் 1.20 லட்சம் ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம். மார்பகப் புற்றுநோய் ஆபரேஷன், கீமோ, ரேடியேஷன் இதில் வரும். மறுசீரமைப்புக்கு எந்த முறை எந்த மருத்துவமனையில் அனுமதிக்கப்படுகிறது என்பதை, மருத்துவமனையிலேயே இருக்கும் காப்பீட்டுத் திட்ட கவுண்டரில் ஆபரேஷன் தேதி குறிக்கும் முன்பே கேட்க வேண்டும்.

தனியார் காப்பீடு வைத்திருப்பவர்களிடம் "இது காஸ்மெட்டிக், கவர் ஆகாது" என்று சொல்லப்படுவது உண்டு. அதை அப்படியே ஏற்க வேண்டாம். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2019 செப்டம்பரில் விலக்குகளை ஒரே மாதிரியாக்கியது. அழகு சிகிச்சைக்குப் பணம் கிடையாது என்ற விலக்கிலேயே விபத்து, தீக்காயம், புற்றுநோய் ஆகியவற்றுக்குப் பிறகான மறுசீரமைப்புக்கு அந்த விலக்கு பொருந்தாது என்று எழுதப்பட்டிருக்கிறது. பாலிசியில் Excl08 என்ற குறியீட்டைத் தேடிப் படியுங்கள். அமெரிக்காவில் மார்பக நீக்கத்துக்குப் பணம் தரும் காப்பீடுகள் மறுசீரமைப்புக்கும், மறுபக்க மார்பகத்தைச் சமன் செய்யவும் தர வேண்டும் என்று 1998-லேயே சட்டம் வந்துவிட்டது. இந்தியாவில் அப்படி ஒரு சட்டம் இல்லை.

2022-ல் மட்டும் இந்தியாவில் சுமார் 1.92 லட்சம் பெண்களுக்குப் புதிதாக மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்டதாக சர்வதேச புற்றுநோய் ஆய்வு நிறுவனத்தின் மதிப்பீடு சொல்கிறது. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த வேதனையில் 1954-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, இதே புதுக்கோட்டையில் பிறந்தவர். அன்று உயிரைக் காப்பாற்றுவதே பெரும்பாடு. இன்று பிழைத்து வருபவர்கள் அதிகம், பிழைத்த பிறகு முப்பது நாற்பது வருடம் வாழ வேண்டியவர்கள்.

கறம்பக்குடி சுற்றுவட்டாரத்தில் இருப்பவர்கள் முதலில் அணுக வேண்டியது தஞ்சாவூர், புதுக்கோட்டை அல்லது திருச்சி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையைத்தான். ஆபரேஷனுக்கு முன்பே "பிளாஸ்டிக் சர்ஜனைப் பார்க்க முடியுமா?" என்று கேளுங்கள். அங்கே வசதி இல்லாவிட்டால் சென்னை ஸ்டான்லி போன்ற மருத்துவமனைக்குப் பரிந்துரைக் கடிதம் கேட்கலாம். ஏற்கெனவே ஆபரேஷன் முடிந்தவர்கள் டிஸ்சார்ஜ் சம்மரி, பயாப்ஸி ரிப்போர்ட், ரேடியேஷன் எத்தனை நாள் கொடுத்தார்கள் என்ற சீட்டு மூன்றையும் எடுத்துப் போக வேண்டும். எங்கே போவது என்று தெரியாவிட்டால் அரசின் 104 மருத்துவ உதவி எண்ணில் கேட்கலாம்.